மலிவான நகரத்தின் மையம் மீளும்போது: சின்சினாட்டி முன்வைக்கும் கேள்வி

அமெரிக்காவின் நடுத்தர நகரங்களைப் பற்றிய விவாதத்தில் எழுபது ஆண்டுகளாகத் தீராத கேள்வி ஒன்று உண்டு. கடைகள் அடைபட்டு, ஆள் நடமாட்டம் குறைந்து, பாதி நிலம் கார் நிறுத்துமிடமாகிப்போன நகர மையத்துக்கு மறுபடி உயிர் கொடுப்பது எப்படி? திட்ட வல்லுநர்கள், கட்டடக் கலைஞர்கள், பொருளியலாளர்கள், மேயர்கள் என ஒவ்வொரு தலைமுறையினரும் ஒரு விடை சொல்லியிருக்கிறார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் சில இடங்களில் அந்த உயிர் உண்மையாகவே திரும்பியது. உடனே இரண்டாவது கேள்வி எழுந்தது. கடைக்கும் வேலைக்கும் பூங்காவுக்கும் நடந்தே போய்வரக்கூடிய பகுதி மீண்டும் உருவாகும்போது, கெட்ட காலத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் நல்ல காலத்திலும் அங்கேயே இருக்க முடியுமா?

விலை உச்சத்துக்குப் போய்விட்ட நியூயார்க்கையோ சான் பிரான்சிஸ்கோவையோ வைத்து இக்கேள்விக்கு விடை தேடுவது பெரிதும் வீண். பஃபலோ, கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க், சின்சினாட்டி போன்ற மலிவான நகரங்களில்தான் இன்னும் முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது. ஒஹாயோ ஆற்றங்கரையிலுள்ள சின்சினாட்டியில் 1950-இல் சுமார் 5,04,000 பேர் வாழ்ந்தார்கள்; 2010-இல் சுமார் 2,97,000 பேர். 2020 கணக்கெடுப்பில் எண்ணிக்கை ஏறக்குறைய 3,09,000 ஆக உயர்ந்தது. அறுபது ஆண்டுச் சரிவுக்குப் பின் கிடைத்த முதல் ஏற்றம் அது. இத்தகைய நகரங்களின் மலிவை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. மக்கள் விட்டுப்போனதால் மிஞ்சியது அது. எனவே மக்கள் திரும்பத் திரும்ப அது கரைந்தே தீரும். அதைக் காக்க வேண்டுமானால், விலை ஏறுவதற்கு முன்பே, காக்கத் தேவையில்லை என்று எல்லோருக்கும் தோன்றும் காலத்திலேயே காக்க வேண்டும். இதுவரை சொல்லப்பட்ட விடைகளை இந்த வாதத்தின் ஒளியில் பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி.

காலியானது எப்படி

நகர மையங்கள் தாமாகவே செத்துப்போயின என்று எண்ணுவது பிழை. 1940-களின் இறுதியிலிருந்து வீட்டுக் கடன் காப்பீடு, நெடுஞ்சாலை நிதி, நகர்ப்புறப் புதுப்பிப்புச் சட்டம் ஆகிய மூன்றும் ஒரே திசையில் தள்ளின. 1949 வீட்டுவசதிச் சட்டம் ‘சேரி’ என முத்திரை குத்தப்பட்ட பகுதிகளை வாங்கி இடிக்க மத்திய அரசின் பணத்தைக் கொடுத்தது. 1956 நெடுஞ்சாலைச் சட்டம் மாநிலங்களுக்கிடையிலான விரைவுச் சாலைகளின் செலவில் 90 சதவீதத்தை ஏற்றுக்கொண்டது. ஒரு மேயருக்கு இவ்விரண்டும் சேர்ந்து கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சின்சினாட்டியின் வெஸ்ட் எண்ட் பகுதி சாட்சி. 1950-களின் இறுதியில் தொடங்கிய கென்யன்-பார் திட்டத்தில் அங்கிருந்து 25,000-க்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வீடுகளும் தேவாலயங்களும் கடைகளும் இருந்த இடத்தில் ஐ-75 நெடுஞ்சாலையும் ஒரு தொழிற்பேட்டையும் வந்தன.

வெஸ்ட் எண்டை ஒட்டியுள்ள ஓவர் த ரைன் பகுதி தப்பியது. ஆனால் காயமின்றித் தப்பவில்லை. ஜெர்மன் குடியேறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் பகுதி அது. கீழே கடை, மேலே மூன்று மாடிக் குடியிருப்பு, தெரு முனையில் மது வடிப்பாலை, கூப்பிடு தூரத்தில் 1855 முதல் இயங்கும் ஃபின்ட்லே சந்தை. தெற்கு எல்லையில் ஓடிய கால்வாயை வற்றவைத்து 1920-களில் சுரங்க ரயில் பாதை தோண்டினார்கள், பணம் தீர்ந்தது, ஒரு பயணியும் ஏறாத அந்தச் சுரங்கத்தின்மேல் அகன்ற சாலை போடப்பட்டது. பகுதியின் குறுக்கே ஓடிய லிபர்ட்டி தெருவை 1950-களில் நெடுஞ்சாலைக்கு வழிவிட அகலப்படுத்தினார்கள். ஒரு பக்கத்துக் கட்டட வரிசையே இடிபட்டு, சின்னத் தெரு பல தடச் சாலையானது. வடக்கு ஓவர் த ரைனில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் தெற்குப் பக்கக் கடைக்குப் போக, ஒரே பச்சை விளக்கில் கடக்க முடியாத சாலை நடுவே வந்து நின்றது. பகுதியின் வடபாதி தென்பாதியைவிடப் பல ஆண்டுகள் பின்தங்கியதற்கு இந்தச் சாலையும் ஒரு காரணம் எனச் சொல்ல இடமுண்டு.

இடித்துக் கட்டலாம் என்றவர்களும் இடிக்காதீர் என்றவரும்

முதல் தலைமுறையின் விடை, புறநகரை மையத்துக்குள் கொண்டுவருவது. அதன் நாயகர் வியன்னாவிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் விக்டர் குரூயன். மினியாபொலிஸ் அருகே 1956-இல் திறக்கப்பட்ட சவுத்டேல் என்ற மூடிய வணிக வளாகத்தை வடிவமைத்தவர் அவரே; அதே ஆண்டில் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் மையத்தைக் கார் நுழையாத பகுதியாக மாற்றும் திட்டத்தை முன்வைத்தவரும் அவரே. சுற்றிலும் வளையச் சாலை, விளிம்பில் மாபெரும் நிறுத்துமிடங்கள், உள்ளே நடைபாதை என்பது அவருடைய சூத்திரம். 1959-இல் மிச்சிகனின் கலமசூ நகரம் ஒரு கடைத்தெருவைப் பாதசாரிகளுக்கு மட்டும் என ஆக்கியது. அதைப் பார்த்து நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் அவ்வாறே செய்தன. பெரும்பாலானவை பின்னர் காருக்கே திரும்பின. நிலைத்தவை பெரும்பாலும் போல்டர், பர்லிங்டன் போன்ற பல்கலைக்கழக ஊர்கள். அங்கே தெருவைச் சுற்றி ஆட்கள் ஏற்கெனவே குடியிருந்தார்கள். சின்சினாட்டி வேறு வழியில் போனது. 1970-களிலிருந்து கட்டடத்துக்குக் கட்டடம் இரண்டாவது மாடி உயரத்தில் நடைபாலங்கள் அமைத்து, நடப்பவர்களைத் தெருவிலிருந்தே தூக்கிவிட்டது. தெருவோரக் கடைகளுக்கு வரவேண்டிய ஆள் மேலே போய்விட, பிற்காலத்தில் நகரமே அந்தப் பாலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது.

ஜேன் ஜேக்கப்ஸ் 1958-இல் ‘ஃபார்ச்சூன்’ இதழில் எழுதிய கட்டுரையிலும் 1961-இல் வெளியிட்ட ‘பெரும் அமெரிக்க நகரங்களின் மரணமும் வாழ்வும்’ என்ற நூலிலும் சொன்ன விடை இதற்கு நேர் எதிர். பல பயன்பாடுகள் ஒரே தெருவில் கலந்திருத்தல், குறுகிய தெருப் பகுதிகள், பழைய கட்டடங்களும் புதியவையும் சேர்ந்திருத்தல், போதிய மக்கள் அடர்த்தி ஆகிய நான்கும் அமைந்தால் தெரு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்றார். பழைய கட்டடத்தின் குறைந்த வாடகையில்தான் புதுத் தொழில் பிறக்கும் என்ற அவருடைய கவனிப்பு இன்றும் அசைக்க முடியாதது. ஆனால் அவரைப் போற்றுவோர் அதிகம் பேசாத ஒரு அத்தியாயமும் அந்நூலில் இருக்கிறது. ஒரு தெரு வெற்றி பெற்றால், அதில் அதிக லாபம் தரும் பயன்பாடு மற்றவற்றைத் தள்ளிவிட்டு, வெற்றிக்குக் காரணமான பன்மையையே அழிக்கும் என்று அவர் எச்சரித்திருந்தார். அதற்கு அவர் தந்த மாற்று, உயிருள்ள தெருக்களின் எண்ணிக்கையைப் பெருக்குவது. இந்தக் குறிப்பை அடுத்த ஐம்பது ஆண்டுகள் கிட்டத்தட்ட யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதே என் மதிப்பீடு.

பெருந்திட்டங்களும் ஈர்ப்பு வாதமும்

அடுத்து வந்த விடையில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. சான்றுகள் ஓரளவு தெளிவானவை. மாநாட்டு மண்டபம், மீன் காட்சியகம், விளையாட்டரங்கம் ஆகியவற்றைக் கட்டினால் கூட்டம் வரும், கூட்டத்தோடு கடையும் வரும் என்பது அந்த நம்பிக்கை. சின்சினாட்டியை உள்ளடக்கிய ஹாமில்டன் கவுண்டியில் 1996-இல் வாக்காளர்கள் அரை சதவீத விற்பனை வரிக்கு ஒப்புதல் தந்தார்கள். அந்தப் பணத்தில் ஆற்றங்கரையில் அமெரிக்கக் கால்பந்துக்கு ஒன்றும் பேஸ்பாலுக்கு ஒன்றுமாக இரண்டு அரங்கங்கள் எழுந்தன. அரங்க நிதி பற்றாக்குறையில் விழுந்தது. வரியோடு சேர்த்து வாக்குறுதி தரப்பட்ட சொத்து வரித் தள்ளுபடி பின்னாளில் வெட்டப்பட்டது. ரோஜர் நால், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகியோர் 1997-இல் தொகுத்த ஆய்வுகள் முதல் இன்றுவரை, அரங்கங்களுக்குச் செலவிடும் பொதுப்பணம் உள்ளூர் வருமானமாகத் திரும்புவதில்லை என்பதில் பொருளியலாளர்களிடையே அரிதான ஒருமித்த கருத்து இருக்கிறது. ஆண்டின் பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடக்கும் கட்டடம் தெருவுக்கு உயிர் தராது.

ரிச்சர்ட் ஃபுளோரிடா 2002-இல் பிரபலப்படுத்திய ‘படைப்பாற்றல் வர்க்கம்’ என்ற கருத்து, கட்டடத்தை விட்டு ஆளைப் பிடிக்கச் சொன்னது. படித்த இளைஞர்கள் விரும்பும் தெருக்களை உருவாக்கினால் நிறுவனங்கள் பின்னால் வரும் என்றது. காபிக் கடைகளும் கலைக்கூடங்களும் வந்தன என்பது உண்மைதான். ஆனால் பலன் ஏற்கெனவே வசதியுள்ளவர்களிடமே தங்கியது. ஃபுளோரிடாவே 2017-இல் எழுதிய நூலில் வெற்றி பெற்ற நகரங்களின் ஏற்றத்தாழ்வையும் வீட்டு விலையையும் புதிய நெருக்கடி என வகைப்படுத்த நேர்ந்தது.

நடையும் கார் நிறுத்தமும்

நடந்து புழங்கும் தெருக்களுக்கான இன்றைய வாதம், அழகியலை விடக் கணக்கின்மேல் நிற்பதால் வலுவானது. டொனால்ட் ஷூப் 2005-இல் வெளியிட்ட ‘இலவச பார்க்கிங்கின் பெரும் விலை’ ஒரு சின்ன விதியின் பெரிய விளைவைக் காட்டியது. அமெரிக்க நகரங்கள் ஏறக்குறைய அனைத்தும், ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்று விதித்திருந்தன. இருபத்தைந்தடி அகல மனையில் நூறாண்டுக்கு முன் கட்டிய மூன்று மாடி வீட்டை அந்த விதிப்படி புதிதாகக் கட்ட முயன்றால், நிறுத்துமிடத்துக்கே மனை போதாது. ஓவர் த ரைன் போன்ற ஒரு பகுதியைப் புதிதாகக் கட்டுவது சட்டப்படியே முடியாத காரியமாகிவிட்டது. ஜெஃப் ஸ்பெக், கிறிஸ்டோபர் லைன்பெர்கர் போன்றோர் இதிலிருந்து அடுத்த படிக்குப் போனார்கள். நடந்து வாழ விரும்புவோர் ஏராளம், அதற்கான இடமோ சொற்பம். அந்தப் பற்றாக்குறையின் விலையே மீண்ட பகுதிகளின் வாடகையில் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். பஃபலோ 2017-இல் நகரம் முழுக்கக் கட்டாய நிறுத்துமிட விதியை நீக்கியது. சின்சினாட்டி 2018-இல் மையப் பகுதிக்கும் ஓவர் த ரைனுக்கும் நீக்கியது.

நடைவாதத்துக்கு எதிரான வழக்கமான குற்றச்சாட்டு, அது வசதியுள்ளோரின் ஆசை என்பது. சின்சினாட்டிக் குடும்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குக் கார் கிடையாது. அதில் பெரும்பகுதி வறுமையால். புதிய கார் ஒன்றை வைத்து ஓட்ட ஆண்டுக்கு 12,000 டாலர் அளவில் ஆகிறது என்று அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2023-இல் கணக்கிட்டது. பழைய கார் என்றால் குறையும். ஆனாலும் கூலி வேலை செய்பவருக்கு அது பெரிய பாரம். சிகாகோவின் சுற்றுவட்டாரத் தொழில்நுட்ப மையம் வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டி, வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஓர் இடம் மலிவு என்கிறது. இந்த அளவுகோலில் பார்த்தால் தூரத்துப் புறநகரின் குறைந்த வாடகை அத்தனை குறைவாகத் தெரியாது. நடக்கக்கூடிய தெரு ஏழைக்கே அதிகம் தேவை. அதை அவர் எட்டாத விலைக்குக் கொண்டுபோவதுதான் இன்றைய முரண்.

டிராம் விவகாரமும் இங்கே சேரும். 5.8 கிலோமீட்டர் வட்டப் பாதையில் மையத்தையும் ஓவர் த ரைனையும் இணைக்கும் சின்சினாட்டி டிராம், 2009-லும் 2011-லும் அதைத் தடுக்க முயன்ற வாக்கெடுப்புகளைத் தாண்டியது. மாநில அரசு நிதியைத் திரும்பப் பெற்றதில் பல்கலைக்கழகப் பகுதி வரை போக வேண்டிய பாதை சுருங்கியது. பாதி கட்டியபின் 2013-இல் புதிய மேயர் வேலையை நிறுத்தினார். சில வாரங்களில் நகர மன்றம் மீண்டும் தொடக்கியது. 2016-இல் ஓடத் தொடங்கியபோது எதிர்பார்த்த கூட்டம் இல்லை. 2020-இல் கட்டணத்தை நீக்கியபின் நிலைமை மாறி, 2023-இல் பயணங்கள் 10 லட்சத்தைத் தாண்டின. ஆனால் டிராம் சுற்றுவது ஏற்கெனவே மீண்ட பகுதிக்குள்ளேயே. வேலைக்காகக் கவுண்டியின் மறுமுனைக்குப் போகிறவருக்கு, 2020-இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த விற்பனை வரியால் விரிவடைந்த பேருந்துச் சேவையே அதிகம் உதவியிருக்கும் என்று தோன்றுகிறது.

ஓவர் த ரைனில் நடந்தது

2001 ஏப்ரலில் 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் போலீசாரால் ஓவர் த ரைன் சந்து ஒன்றில் சுடப்பட்டு இறந்தார். பல நாட்கள் கலவரம் நடந்தது, ஊரடங்கு வந்தது. 2003-இல் மேயரும் நகரின் பெருநிறுவனத் தலைவர்களும் சேர்ந்து 3சிடிசி என்ற லாப நோக்கற்ற வளர்ச்சிக் கழகத்தை அமைத்தார்கள். அப்போது அப்பகுதியில் சுமார் 500 கட்டடங்கள் காலி எனக் கணக்கு. கழகம் அவற்றைத் தெருத் தெருவாக வாங்கியது. உடனே விற்காமல் வைத்திருந்தது. வரலாற்றுக் கட்டடங்களுக்கான மத்திய, மாநில வரிச் சலுகைகளைக் கோர்த்து வைன் தெருவின் தென்முனையிலிருந்து புதுப்பித்துக்கொண்டே வந்தது. 2012-இல் வாஷிங்டன் பூங்கா புதுப் பொலிவுடன் திறந்தது. சிதறிக் கிடந்த முதலீட்டை ஒரே தெருவில் குவித்தது, கட்டடங்களை இடிக்காமல் காத்தது, பொறுமையான மூலதனம் ஆகியவையே வெற்றிக்குக் காரணம் என ஆதரவாளர்கள் சொல்வதில் பெருமளவு உண்மையிருக்கிறது. தேசிய அளவில் அழியும் நிலையிலுள்ள பதினொரு வரலாற்று இடங்களில் ஒன்று என 2006-இல் பட்டியலிடப்பட்ட பகுதி இது. அந்தச் செங்கல் சுவர்கள் இன்று நிற்பதே ஒரு சாதனை.

மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. மிகக் குறைந்த வருமானத்தினருக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் இங்கே 2002-இல் 3,235 என்றும் 2015-இல் 869 என்றும் ஓர் உள்ளூர் ஆய்வு காட்டியது. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எதிர்பார்த்தவர் பட்டி கிரே. வீடற்றோர் தங்குமிடம் ஒன்றை வாஷிங்டன் பூங்காவுக்கு எதிரே நடத்தியவர். காலிக் கட்டடங்களை வாங்கி ஏழைகளுக்கான கூட்டுறவு வீடுகளாக மாற்றியவர். 1983-இல் ஓவர் த ரைன் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் சேர்க்கப்படுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். பாதுகாப்பு என்ற பெயரில் விலை ஏறும், ஏழை வெளியேறுவான் என்பது அவர் பயம். 1996-இல் அவர் கொல்லப்பட்டார். அவர் தொடங்கிய தங்குமிடம் 2015-இல் பூங்காவை விட்டு இடம் மாறியது.

கிரே சொன்னதே நடந்தது என்று முடித்துவிட்டால் எளிது. ஆனால் இங்கே நிதானம் தேவை. மலிவு வீடுகள் மறைந்ததில் ஒரு பகுதி, மீட்சி தொடங்கும் முன்பே நடந்தது. மத்திய அரசின் வாடகை மானியத்தில் இங்கே பல நூறு வீடுகளை நடத்திய ஒரு பெரிய உரிமையாளர் 2001 வாக்கில் திவாலாகி, அவை காலியாயின. நாடளாவிய சான்றும் ஒரே குரலில் பேசவில்லை. ரூத் கிளாஸ் 1964-இல் லண்டனை வைத்துப் பெயரிட்ட, வசதியுள்ளோர் குடிபுகுந்து பழைய குடிகள் வெளியேறும் நிகழ்வை, இன்றைய வாடகைக்கும் நிலம் தரக்கூடிய வாடகைக்கும் உள்ள இடைவெளியால் நீல் ஸ்மித் 1979-இல் விளக்கினார். ஆனால் ஃப்ரீமன், பிராக்கோனி இருவரும் 2004-இல் நியூயார்க் தரவுகளை ஆராய்ந்தபோது, விலையேறும் பகுதிகளில் ஏழைகள் இடம்பெயரும் வேகம் மற்ற பகுதிகளை விடக் குறைவாகவே இருந்தது. பழையவர் துரத்தப்படுவதை விட, அவர் தாமாகப் போனபின் அதே வருமானத்தில் இன்னொருவர் நுழைய முடியாமல் போவதே முக்கிய வழி எனத் தெரிகிறது. ஜோ கார்ட்ரைட் 2014-இல் காட்டியதும் கவனத்துக்குரியது: 1970-இல் கடும் வறுமையில் இருந்த சுமார் 1,100 நகர்ப்புறக் கணக்கெடுப்புப் பகுதிகளில், நாற்பது ஆண்டுகளில் பத்தில் ஒன்று அளவே மீண்டன, எஞ்சியவற்றில் பெரும்பாலானவை வறுமையிலேயே நீடித்து மக்களை இழந்தன. மீட்சியை மட்டும் கண்டிப்பவர்கள் இந்தப் பெரும் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

கட்டினால் போதுமா, காக்கவும் வேண்டுமா

பொருளியலாளர் பலரின் பதில், அதிகம் கட்டு என்பது. ஆஸ்க்வித், மாஸ்ட், ரீட் மூவரின் ஆய்வு, வருமானம் குறைந்த பகுதிகளில் எழும் பெரிய புதிய குடியிருப்புகள் அருகிலுள்ள வாடகையை 5 முதல் 7 சதவீதம் வரை குறைப்பதாகக் கண்டது. இதை ஏற்கிறேன்; ஆனால் மலிவான நகரத்தில் இதற்கு ஓர் எல்லை உண்டு. அங்கே பழைய வீட்டின் வாடகை, புது வீடு கட்டும் செலவை ஈடுகட்டும் அளவுக்கே பெரும்பாலும் இல்லை. சந்தை கட்டத் தொடங்கும்போது வாடகை ஏற்கெனவே ஏறியிருக்கும். மிகக் குறைந்த வருமானத்தினரின் வாடகையை எட்டும் அளவுக்கு அது இறங்கியதாகச் சான்று இல்லை.

எதிர்முனையில் இருப்பவர்கள் சந்தைக்கு வெளியே வீடுகளை வைக்கச் சொல்கிறார்கள். வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன், பெர்னி சாண்டர்ஸ் மேயராக இருந்த 1984-இல், 2,00,000 டாலர் நகர நிதியில் ஒரு சமூக நில அறக்கட்டளையைத் தொடங்கியது. நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும். வீட்டை வாங்குபவர் விற்கும்போது லாபத்தில் ஒரு பங்கையே எடுப்பார். அடுத்தவருக்கும் விலை கட்டுப்படியாகும். இன்று சாம்ப்ளெய்ன் அறக்கட்டளை என்ற பெயரில் 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அதனிடம் உள்ளன. பர்லிங்டன் இப்போது மலிவான ஊரல்ல. அறக்கட்டளை விலையேற்றத்தைத் தடுக்கவில்லை. தன் கையிலிருந்த வீடுகளைக் காத்தது, அவ்வளவே. அதுவும் நிலம் விலை குறைந்திருந்தபோது வாங்கியதால் முடிந்தது. ஓவர் த ரைனிலும் கிரேயின் வழிவந்த சமூக வீட்டுவசதி அமைப்பு அன்று வாங்கிய கட்டடங்களில்தான் இன்றும் ஏழைக் குடும்பங்கள் பூங்காவுக்கு நடந்து போகும் தூரத்தில் வாழ்கின்றன.

இதற்கு எழும் எதிர்வாதம் நியாயமானது. விலையே இல்லாத, யாரும் வராத இடத்தில் விலைக் கட்டுப்பாட்டு நிபந்தனை போட்டால், வர நினைத்த முதலீடும் வராது; கட்டடம் இடிந்து விழும். 2003-இல் 3சிடிசி-யிடம் கடும் நிபந்தனை விதித்திருந்தால் வைன் தெரு இன்றும் பலகை அடித்தே கிடந்திருக்கலாம். ஆனால் நிபந்தனை வேறு, நிலத்தை வைத்துக்கொள்வது வேறு. தனியாரைக் கட்டுப்படுத்தாமலேயே, காலிக் கட்டடங்களில் பத்தில் இரண்டை நகரமோ அறக்கட்டளையோ வாங்கிப் பூட்டி வைத்திருக்கலாம். கழகம் தானே செய்ததும் அதுதான்: மலிவாக வாங்கிக் காத்திருந்தது. அந்தப் பொறுமை மூலதனத்துக்குக் கிடைத்தது, ஏழை வீட்டுக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை.

இன்னும் தீராதவை

சின்சினாட்டி நகர மன்றம் 2024 ஜூனில் நிறைவேற்றிய ‘இணைந்த சமூகங்கள்’ சீர்திருத்தம், பேருந்து வழித்தடங்களையும் சிறு கடைவீதிகளையும் ஒட்டி நான்கு குடும்பம் வரையிலான வீடுகளை அனுமதித்து, நிறுத்துமிட விதிகளைத் தளர்த்தியது. ஜேக்கப்ஸ் கேட்ட பெருக்கத்துக்கு மிக அருகில் வரும் முயற்சி இதுவே. நடந்து வாழும் பகுதி ஊருக்கு ஒன்று என்றில்லாமல் இருபது இருந்தால், ஒவ்வொன்றின்மீதும் விழும் விலை அழுத்தம் குறையலாம். கட்டுமானச் செலவும் வட்டியும் உயர்ந்திருக்கும் காலத்தில் சிறு கட்டுநர்கள் முன்வருவார்களா என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே மதிப்பிட முடியும். பெருந்தொற்றுக்குப் பின் அலுவலகங்கள் காலியாக, அவற்றைக் குடியிருப்பாக்கும் வேலை கிளீவ்லாந்திலும் இங்கும் வேகமெடுத்திருக்கிறது. சின்சினாட்டியின் பழம்பெரும் கேரு கோபுரமும் அந்த வரிசையில் நிற்கிறது. இவ்வாறு வரும் வீடுகள் யார் வருமானத்துக்கு ஏற்றவை என்பதும், பள்ளி வயதுக் குழந்தைகளுள்ள குடும்பங்கள் அவற்றுக்கு வருமா என்பதும் தெளிவாகவில்லை.

இவற்றை விட அவசரமான கேள்வி ஓவர் த ரைனுக்கு வெளியே இருக்கிறது. 2021-இல் கால்பந்து அரங்கம் திறந்த வெஸ்ட் எண்டிலும், லிபர்ட்டி தெருவுக்கு வடக்கிலும், இன்னும் வாடகை குறைந்த தெருக்கள் மிச்சமிருக்கின்றன. காலி மனைகளும் பூட்டிய வீடுகளும் அங்கே உண்டு. அவற்றில் எத்தனையை, எந்த விலையில், யார் பெயரில் இப்போதே வாங்கி வைப்பது என்பதை நகரம் இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும்.